குழந்தைகள் மனநல ஆலோசனை மையத்தில் கிளினிக்கல் டைரக்டர்: கேள்வி பதில்

சென்னையில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் குழந்தைகள் ஆலோசனை மையங்களில் கவுன்சலர்களின் வேலையை மேற்பார்க்கும் இந்தப் பொறுப்பை ஏற்பவர்களுக்கும் அவர்களிடம் வேலை பார்ப்பவர்களுக்கும் இந்தப் பதில்கள். சூப்பர்விஷன் (கவுன்சலரோடு உட்கார்ந்து அவர் கேஸ்களை அலசுவது), சட்டம், நிதி, ஆள் எடுப்பது இவை பற்றி மட்டும் கேளுங்கள். "என் பையனுக்கு ஏ.டி.ஹெச்.டி.யா?" என்று கேட்டால் பதில் வராது. குழந்தையைப் பார்க்காமல் அதைச் சொல்லக்கூடாது.

புரசைவாக்கம் புதுசு: அடுத்த மாதம் பொறுப்பேற்கிறேன் மேடம். ஆறு கவுன்சலர்கள், மூன்று பள்ளிகள், ஒரு மையம். முதலில் எதைப் பிடிப்பது?

ஃபைல்களை. ஒவ்வொரு கவுன்சலரிடமிருந்தும் ஐந்து எடுங்கள். அதில் ஒன்று முடிந்த கேஸ், ஒன்று பாதியில் நின்ற கேஸ். ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: சம்மதப் படிவத்தில் கையெழுத்து போட்டது யார், குழந்தை தன் வாயால் சொன்ன பிரச்சினை என்ன, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்களா, அதற்கு வந்த பதில் எழுதப்பட்டிருக்கிறதா, கடைசியாகப் பேசிய தேதி எது. பெரும்பாலான மையங்களில் மூன்றாவதும் நான்காவதும் காலியாக இருக்கும். கேட்டிருப்பார்கள், எழுதியிருக்க மாட்டார்கள். எழுதாவிட்டால், கவுன்சலர் கேட்கவே இல்லை என்றுதான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது சூப்பர்விஷன் அட்டவணை. ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் தனியாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுவாக ஒன்றரை மணி நேரம். ஆறு பேருக்குத் தயாரிப்பு, குறிப்பு எல்லாம் சேர்த்து வாரத்தில் ஒன்றரை நாள் போய்விடும். டிரஸ்டிகள் "நீங்களும் பதினைந்து கேஸ் பாருங்க" என்றால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். "கேஸ் எல்லாம் எப்படிப் போகுது?" என்று ஆரம்பித்தால் "நல்லா போகுது மேடம்" என்பதுதான் பதிலாக வரும். "தொடர்ந்து இரண்டு தடவை வராத குழந்தைகள் யார் யார்?" என்று கேளுங்கள். முதல் பத்து நிமிடம் ஆபத்துள்ள கேஸ்கள், பிறகு இரண்டே கேஸ் ஆழமாக, கடைசி ஐந்து நிமிடத்தில் எடுத்த முடிவை இருவரும் எழுதிக் கையெழுத்து.

முழுநேரக் கவுன்சலருக்கு ஒரு நாளில் நான்கு, அதிகம் போனால் ஐந்து செஷன். எண்ணூரிலிருந்து பெரும்பாக்கம் வரை அலைய விட்டால் அதுவும் முடியாது. மூன்றாவது, ராத்திரி பத்து மணிக்குக் கவுன்சலர் யாருக்குப் போன் போட வேண்டும் என்பதை எழுதி ஒட்டுங்கள்: முதலில் நீங்கள், நீங்கள் எடுக்காவிட்டால் இன்னொரு சீனியர். அந்தப் பட்டியல் இல்லாத மையத்தில் பள்ளிக் கேஸ்களை எடுக்கவே கூடாது.

அண்ணாநகர் அனு: டைரக்டர் ஆன பிறகும் கேஸ் பார்க்கணுமா?

மூன்று நான்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் கை மறந்துவிடும்.

தாம்பரம் ஜெய்: ஆறு மாத ஆன்லைன் கவுன்சலிங் டிப்ளமா முடித்தவரை எடுக்கலாமா?

விளையாட்டுக் குழு, பெற்றோர் கூட்டம், இன்டேக் போன் (முதல் தடவை அழைப்பவர்களிடம் விவரம் வாங்குவது): எடுக்கலாம். தனியாகக் கேஸ்: கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பதவிப் பெயர் கொடுத்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருந்தே ஆக வேண்டும். 1992 ஆர்.சி.ஐ. சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவு எண்ணை நீங்களே சரிபாருங்கள். சர்டிபிகேட் ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

கொளத்தூர் கவுன்சலர்: பள்ளியில் தனியாக இருக்கிறேன். மாலை மூன்று மணிக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் "செத்துடலாம்னு இருக்கு" என்கிறாள். நாலு மணிக்குப் பள்ளி முடியும். என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

நேராகக் கேளுங்கள்: எப்போதிலிருந்து, எப்படி என்று யோசித்திருக்கிறாளா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாளா. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவளைத் தனியே விடாதீர்கள், பாத்ரூமுக்கும் ஒருவர் கூடப் போகட்டும். மூன்றேகாலுக்குள் டைரக்டருக்குப் போன். பெற்றோர் வந்து நேரில் கூட்டிப் போக வேண்டும். பள்ளி ஆட்டோவில் அனுப்புவது கிடையாது.

அம்மா அப்பாவிடம் மாத்திரை டப்பா, எலி பேஸ்ட், பூச்சி மருந்து எல்லாவற்றையும் இன்றே பூட்ட அல்லது வெளியேற்றச் சொல்லுங்கள். பாதுகாப்புத் திட்டத்தை அவள் கையாலேயே எழுத வையுங்கள்: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்து தணிக்கக்கூடியவை, மனசு மாறப் போகும் இடம், உதவி கேட்கும் ஆள், நிபுணர்கள், வீட்டில் அகற்ற வேண்டியவை. எந்நேரமும் கூப்பிட அரசின் மனநல உதவி எண், டெலிமானஸ் 14416. திட்டமும் பொருளும் கையில் இருக்கிறது என்றால் அன்றே கீழ்ப்பாக்கம் மனநல நிலையம் அல்லது பக்கத்து அரசு மருத்துவமனை. மறுநாள் காலை போன், அந்த வாரத்துக்குள் செஷன். "இனிமே செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்குவது பலர் பழக்கம். அது குழந்தையைக் காப்பதில்லை, பெரியவர்களுக்குத் தூக்கம் வர உதவும், அவ்வளவுதான்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறுபடியும் சொல்வேன்: எந்தக் குழந்தையிடமும் "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து, யாராவது தப்பாகத் தொடுறாங்க, இந்த மாதிரின்னா நான் சொல்லியாகணும். யாரிடம் எப்படிச் சொல்றதுன்னு உன்னோட சேர்ந்து முடிவு பண்ணுவோம்." முதல் செஷனிலேயே இந்த வாக்கியம்.

வடசென்னை தோழி: அங்கேதான் மேடம் இடிக்குது. 17 வயசுப் பொண்ணும் 19 வயசுப் பையனும் காதல். போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) புகார் சொன்னால் பையன் ஜெயில், பொண்ணுக்கு அவசரக் கல்யாணம், படிப்பு போச்சு. எங்கள் மையத்தில் அதை நோட்ஸில் எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

உங்கள் நோக்கம் புரிகிறது, முறை தவறு. 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு "எவரும்" என்றுதான் சொல்கிறது; கவுன்சலருக்கு விலக்கு இல்லை. 18 வயதுக்குக் கீழ் இருப்பவரின் சம்மதம் அந்தச் சட்டத்தில் கணக்கில் வராது. தெரிந்தும் சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். சொன்னது நல்லெண்ணத்தில் என்றால் 19(7) உங்களைக் காக்கும். நோட்ஸில் எழுதாமல் விட்டால் எதுவும் காக்காது. நாளைக்கு அந்தப் பெண்ணே கர்ப்பமாகி மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது உங்கள் ஃபைல்தான்.

சட்டம் படிக்கிறவன்: 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே பதின்பருவக் காதல் வழக்கு ஒன்றை ரத்து செய்ததே? சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றும் சொன்னதே?

ரத்து செய்தது. ஆனால் வழக்கு பதிவாகி, உயர் நீதிமன்றம் வரை வந்த பிறகுதான். அதிலிருந்து "கவுன்சலர் சொல்ல வேண்டாம்" என்று படிக்க முடியாது.

வடசென்னை தோழி: 2022-இல் உச்ச நீதிமன்றம் டாக்டர்களுக்குப் பெயர் சொல்ல வேண்டாம் என்றதே மேடம்?

கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பதிவு பெற்ற மருத்துவர் புகாரில் அவள் அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என்றது. புகாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்களும் நானும் அதில் வரவில்லை.

வடசென்னை தோழி: அப்போ பொண்ணுங்க எங்களிடம் பேசவே மாட்டாங்க. அதுதான் நடக்கும்.

சில பேர் பேச மாட்டார்கள்தான். இந்தச் சட்டம் 16, 17 வயதினரை உதவியிலிருந்து விரட்டுகிறது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. திருத்தம் கேட்டு மனு கொடுங்கள், நானும் கையெழுத்து போடுவேன். ஆனால் அது வரும்வரை மூன்று விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. ஒன்று, காதல் வேறு, குற்றம் வேறு: "ஒருத்தனைப் பிடிக்கும்" என்பதோ போனில் பேசுவதோ போக்சோ அல்ல, அதைக் கேட்டவுடன் பதறாதீர்கள். இரண்டு, மிரட்டல் இருக்கிறதா, போட்டோ வைத்து மடக்குகிறானா, வயது வித்தியாசம் எவ்வளவு என்பதைக் கட்டாயம் கேளுங்கள். காதல் என்று நினைத்து விட்டதில் பாதி அங்கேதான் வேறாகிறது. மூன்று, முடிவு ஒரு கவுன்சலருடையது அல்ல. அன்றே டைரக்டர், அன்றே மையத்தின் வக்கீல். புகார் போகும்போது பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், அவள் விரும்பும் இடத்தில் வாக்குமூலம் என்று கேட்டு வாங்குங்கள்; 24-ஆம் பிரிவு அதைத் தருகிறது. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், அதைப் பின்தொடருங்கள். அவள் எங்கே தூங்குவாள் என்று அன்றைக்கே நலக் குழுவிடம் கேளுங்கள். அவசரக் கல்யாணத்தைத் தடுக்கும் இடம் அதுதான், குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு.

போதும், இதில் இனி புதுக் கேள்வி இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போகிறேன்.

ஆவடி சுரேஷ்: டிப்ளமா முடிச்சவங்களைக் கேஸ் பார்க்க விடலாமா?

மேலே ஜெய்க்குச் சொன்ன பதில்.

ஃபண்ட் பார்க்கும் பாலா: எஸ்.டி.க்யூ. (குழந்தையின் மனநிலை, நடத்தை பற்றிய கேள்வித்தாள்) வைத்து ஆலோசனைக்கு முன்னும் பின்னும் ஸ்கோர் எடுக்கிறோம். ஸ்கோர் விசித்திரமாக வருகிறது.

25 கேள்வியில் 7, 11, 14, 21, 25 ஐந்துக்கும் மதிப்பெண் தலைகீழ். எக்செலில் அதைத் திருப்பினீர்களா பாருங்கள், அனேகமாக அங்கேதான். மொத்தக் கஷ்ட ஸ்கோர் 20 கேள்வியிலிருந்து மட்டும், 0 முதல் 40. பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்தை அதில் சேர்க்காதீர்கள். பின்தொடர் படிவம் கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும், முதல் படிவம் ஆறு மாதத்தை. ஒன்றையே இரண்டு முறை கொடுத்தால் ஒப்பீடு கெடும். பாதியில் நின்றவர்களை விட்டுவிட்டு முடித்தவர்களின் சராசரியை மட்டும் ஃபண்டரிடம் காட்டாதீர்கள். எத்தனை பேர் ஆரம்பித்தார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற வரியும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும்.

ஃபண்ட் பார்க்கும் பாலா: கவுன்சலர் சம்பளமெல்லாம் நிர்வாகச் செலவு, 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்கிறது ஒரு கம்பெனி.

அந்த 5 சதவீத உச்சவரம்பு கம்பெனியின் சொந்த சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) நிர்வாகச் செலவுக்கு. உங்கள் திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவுக்கு அல்ல. வெளிநாட்டு நிதியில் நிர்வாக உச்சவரம்பு, அதற்கான சட்டத்தின் 2020 திருத்தத்தில் 50-இலிருந்து 20 சதவீதமானது. அங்கும் சேவை தரும் மருத்துவர், ஆசிரியர் போன்றோரின் சம்பளம் நிர்வாகத்தில் சேராது. கவுன்சலர் சம்பளம், சூப்பர்வைசர் நேரம் இரண்டையும் சேவைச் செலவாகத் தனித்தனியே காட்டி ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். சூப்பர்விஷனை பட்ஜெட்டில் மறைக்காதீர்கள். மறைத்தால் அடுத்த வருடம் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

பள்ளி நிர்வாகி: எங்கள் ஹெச்.எம். "குழந்தை என்ன சொன்னான்?" என்று கேட்டால் கவுன்சலர் வாயே திறப்பதில்லை.

சரியாகத்தான் செய்கிறார். பள்ளியோடு ஒப்பந்தம் போடும்போதே எழுதுங்கள்: வருகிறானா இல்லையா, பாதுகாப்பாக இருக்கிறானா, வகுப்பில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றுதான் ஹெச்.எம்.முக்கு. அதே சமயம் குழந்தையிடம் முழு ரகசியம் என்று சத்தியம் செய்யாதீர்கள் என்று மேலேயே சொன்னேன்.

பல்லாவரம் பி.எஸ்சி.: ஆன்லைன் டிப்ளமா போதுமா அக்கா?

போதாது. எம்.எஸ்சி. முடித்து, சூப்பர்விஷனில் வேலை பாருங்கள்.

மயிலை மாலா: கவுன்சலர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஓடிவிடுகிறார்கள். பிடித்து வைக்க என்ன செய்வது?

விலகும்போது "பர்சனல் ரீசன்" என்று எழுதிக் கொடுப்பார்கள், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கடைசி மூன்று மாத கேஸ்லோடை எடுத்துப் பாருங்கள். வாரம் 25 செஷனுக்கு மேல் இருந்ததா, அபாயக் கேஸ் எல்லாம் ஒருவர் தலையிலேயே இருந்ததா, சூப்பர்விஷன் எத்தனை முறை ரத்தானது. கனமான துஷ்பிரயோகக் கேஸ்களை மாற்றி மாற்றிக் கொடுங்கள், ஒருவருக்கு ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் யாருக்கும் லீவு கிடையாது என்றால் ஏப்ரலில் கொடுத்துவிடுங்கள். விலகுகிறவர் குழந்தைகளிடம் விடைபெற நான்கு செஷன் வேண்டும். நோட்டீஸ் காலத்தை ஒரு மாதத்துக்குக் குறைவாக வைத்தால் அது நடக்காது.

மயிலை மாலா: சம்பளம் ஏற்ற முடியாது என்கிறார்கள் டிரஸ்டிகள்.

அப்படியானால் கேஸ் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் மறுத்தால் வெயிட்டிங் லிஸ்டை அவர்கள் கையில் கொடுத்து, யாரை எடுப்பது, யாரை விடுவது என்று கையெழுத்து போட்டுத் தரச் சொல்லுங்கள்.

போரூர் பிரியா: ஆறு மாத ஆன்லைன் டிப்ளமா...

இல்லை.