மகளின் காளைக்கன்றுக்காக 529 கணக்கில் கை வைக்கலாமா?

கேள்வி: ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் நெடுநாளாக வசிக்கிறோம். நானும் என் மனைவியும் வேலையில் இருக்கிறோம். குடும்பத்தில் எல்லோருக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் பள்ளித் தோழியோடு ஃபோர்-எச் என்ற சிறுவர் வேளாண் அமைப்பின் கூட்டங்களுக்குப் போய் வருகிறாள். அடுத்த கால்நடைக் கண்காட்சிக்கு ஒரு காளைக்கன்றை வளர்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். கன்று 3,000 டாலர், தீவனம் 1,900, கொட்டில் வாடகை, கருவிகள் முதலியவை 1,600 என்று மொத்தம் 6,500 டாலருக்குத் தோழியின் தந்தை கணக்குச் சொன்னார். ஹூஸ்டன் கண்காட்சியில் ஒரு காளை 10 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்றும் அவரே சொன்னார். மகளின் 529 கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் 21,000 டாலர் இருக்கிறது. அதிலிருந்து எடுத்துச் செலவு செய்து, ஏலப் பணம் வந்ததும் திரும்பப் போட்டுவிடலாமா? இல்லை, பிள்ளைகள் பெயரிலேயே அரசாங்கம் கடன் தருகிறதாமே, அதை வாங்கலாமா?

— ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: 529 கணக்கைத் தொட வேண்டாம், கடனும் இந்த ஆண்டு வேண்டாம், ஆனால் மகளின் ஆசைக்குத் தடை போடவும் வேண்டாம். காளைக்கன்றை ஓரிரு ஆண்டுகளுக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு வெள்ளாட்டுக் கிடாயில் அவள் தொடங்கட்டும். அதற்காக ஏறத்தாழ 1,500 டாலரை, நீச்சல் வகுப்புக்கோ வயலின் வகுப்புக்கோ கட்டுவதுபோல, திரும்பி வராத பணமாக உங்கள் சம்பளத்திலிருந்து ஒதுக்குங்கள். வந்தால் வரவு, வராவிட்டால் அது கல்விச் செலவு.

முதலில் அந்தப் பத்து லட்சத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் திட்டம் முழுவதும் அதன் நிழலில்தான் நிற்கிறது. 2022-ல் ஹூஸ்டன் கண்காட்சியில் முதலிடம் பெற்ற காளை 10 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். அந்த விலையை இறைச்சிக்காக யாரும் கொடுக்கவில்லை. கண்காட்சியின் கல்வி நிதிக்கு நன்கொடை தரும் செல்வந்தர்களும் நிறுவனங்களும் சேர்ந்து ஏற்றிய தொகை அது. வளர்த்த மாணவருக்கு முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட ஒரு பங்குதான் கிடைக்கும். எஞ்சியது மற்ற மாணவர்களின் உதவித்தொகைக்கும் கல்வித் திட்டங்களுக்கும் போகிறது. அந்த மேடைக்கு வரும் கன்றுகளைத் தேர்ந்து வாங்கவே பல குடும்பங்கள் உங்கள் மொத்த மதிப்பீட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு செலவிடுகின்றன. மாட்டை முடி வெட்டி, சீவி, உலர்த்தி அழகுபடுத்துவதற்கென்றே ஆள் வைத்துக்கொள்வோரும் உண்டு. முதல் முறை வரும் பன்னிரண்டு வயதுப் பெண் அவர்களோடு பணத்தால் போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது.

பரிசு எதுவும் கிடைக்காத காளையின் கணக்கு இதோ. 500 பவுண்டில் வாங்கிய கன்று ஏறத்தாழ 300 நாளில் 1,300 பவுண்டு எட்டுவதாகவும், சந்தையில் பவுண்டுக்கு 2 டாலர் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 2,600 டாலர். 6,500 போட்ட இடத்தில் 3,900 துண்டு விழுகிறது. சந்தை விலை இதைவிட நன்றாக இருக்கும் ஆண்டிலும் இடைவெளி சில நூறு டாலர் குறையுமே தவிர அடைபடாது. அந்தப் பள்ளத்தை நிரப்புவது உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) கண்காட்சி ஏலத்தில் சந்தை விலைக்கு மேல் கிடைக்கும் கூடுதல் தொகைதான். அந்தத் தொகை வளர்ப்பின் தரத்தைப் பொறுத்து அமைவது கொஞ்சம். ஊரில் உங்களை எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்து அமைவதே அதிகம். உள்ளூர் வங்கி, தீவனக் கடை, டிராக்டர் விற்பவர், தாத்தாவின் பழைய நண்பர் என்று மூன்று தலைமுறைப் பழக்கம் உள்ள குடும்பத்துப் பிள்ளையின் ஆட்டுக்குக் கை தூக்க ஆள் இருப்பார்கள். நமக்கு அந்தப் பழக்கம் குறைவு என்பதைச் சொல்லாமல் கணக்குப் போடுவது நேர்மையாகாது. அதே சமயம் வழியே இல்லை என்றும் எண்ண வேண்டாம். உங்கள் பல் மருத்துவர், வீடு வாங்கித் தந்த முகவர், ஆட்டிறைச்சி விற்கும் இந்திய மளிகைக் கடைக்காரர் ஆகியோருக்கு ஏலத்துக்கு இரண்டு மாதம் முன்பே மகள் தன் கையால் கடிதம் எழுதி அழைக்கலாம்; பல பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனி ஆட்டின் கணக்கு. போயர் இனக் கலப்பில் நல்ல எலும்புக்கட்டு உள்ள, காயடித்த கிடாய்க்குட்டி ஒன்றை 400 டாலருக்குள் தேடுங்கள். நாளுக்கு 3 பவுண்டு என்று 150 நாளைக்கு 450 பவுண்டு அடர்தீவனம், அதாவது 50 பவுண்டு மூட்டை ஒன்பது. மூட்டை 25 டாலர் என்றால் 225. உலர்புல்லும் படுக்கைக்கு மரத்தூளும் 75. தடுப்பூசி, குடற்புழு மருந்து, தாதுக்கலவை 75. பள்ளி மாவட்டத்தின் கொட்டிலில் இடம் 150. கழுத்துச் சங்கிலி, முடிவெட்டும் கருவி, நிற்க வைக்கும் மேடை ஆகியவற்றை யாரிடமாவது பழையதாக வாங்கினால் 250. நுழைவுக் கட்டணமும் சிறு காப்பீடும் 75, பயணம் 200. மொத்தம் 1,450 ஆகிறது. 90 பவுண்டு ஆட்டுக்குப் பவுண்டு 3 டாலர் என்றால் 270 திரும்பி வரும். ஏலத்தில் ஒரு டாலர்கூட அதிகம் கிடைக்காத மோசமான ஆண்டிலும் இழப்பு 1,180-ஐத் தாண்டாது; அதில் 250 டாலர் கருவிகள் அடுத்த ஆண்டுக்கும் இருக்கும். காளை ஏறத்தாழ ஓராண்டைக் கேட்கும், ஆடு ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் மகளுக்கு இது பிடிக்குமா, விடியற்காலை குளிரில் கொட்டிலுக்குப் போக எழுவாளா, உங்களாலும் தினம் இரண்டு முறை காரோட்ட முடியுமா என்பது மூவருக்கும் தெரிந்துவிடும். உங்கள் மதிப்பீட்டில் நான் தேடிக் காணாத செலவு, மாட்டை ஏற்றிச் செல்லும் டிரெய்லர். ஆட்டுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

பணத்தைக் காப்பாற்றுவது வாங்கும் விலையைவிட வளர்க்கும் விதம்தான் என்பதால், இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். காயடித்த கிடாய்க்குச் சிறுநீர்க் கல் அடைப்பு எளிதில் வரும். தானியம் மிகுந்த தீவனத்தில் கால்சியமும் பாஸ்பரசும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி ஒருபோதும் வற்றக் கூடாது. ஆடு முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நின்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அடுத்தது துள்ளுமாரி: தீவனத்தைத் திடீரென்று கூட்டினால் நேற்றுவரை நன்றாக இருந்த குட்டி காலையில் செத்துக் கிடக்கும். தடுப்பூசியைத் தவறாமல் போட்டு, தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டினால் இது பெரும்பாலும் வராது. 400 டாலர் குட்டியை 20 டாலர் மருந்தைத் தள்ளிப்போட்டு இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

விலை மலிவான ஆட்டை வைத்துக்கொண்டு மகள் எதில் வெல்ல முடியும் என்று கேட்பீர்கள். சந்தைப் பிரிவில் நடுவர் ஆட்டின் தசையையும் கட்டமைப்பையும் பார்க்கிறார். அங்கே பணம் பேசும். ஷோமேன்ஷிப் என்ற இன்னொரு பிரிவில் பிள்ளையின் கைத்திறனை மட்டும் பார்க்கிறார்கள். ஆட்டின் நான்கு கால்களையும் சதுரமாக நிறுத்தி, அதன் மார்பைத் தன் காலோடு அணைத்துப் பிடித்து, நடுவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். தீவனத்தில் புரதம் எத்தனை சதவீதம், இன்றைய எடை என்ன, ஆட்டின் எந்தக் குறையை நீ மாற்றுவாய் என்று அவர் கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். இதற்குத் தேவை தினம் அரைமணி நேர நடைப் பயிற்சி, செலவு ஒன்றுமில்லை. இன்னொன்று பதிவேடு. 1902-ல் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய சிறுவர் சங்கத்திலிருந்து வளர்ந்த ஃபோர்-எச் இயக்கத்தில், வரவு செலவை எழுதி வைப்பது இன்றும் பாடத்தின் பாதி. கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ஏல விலையைவிட அந்த நோட்டுப் புத்தகம் அதிகம் கைகொடுக்கும். அதில் ஒரே ஒரு விதியை நீங்கள் காக்க வேண்டும்: அப்பா நிரப்பிய பெட்ரோலும் அம்மா வாங்கித் தந்த தீவன மூட்டையும் தவறாமல் செலவுப் பக்கத்தில் ஏற வேண்டும். பெற்றோர் கொடுத்ததை மறைத்து எழுதிய லாபத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தொழிலைப் பற்றித் தவறான படம் பதிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் கண்காட்சி விதிகளில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்: டெர்மினல். அப்படிக் குறிப்பிட்ட ஏலத்தில் நுழைந்த விலங்கு நேரே இறைச்சிக்கூடத்துக்குப் போகும். பிள்ளை அழுதாலும் திரும்ப அழைத்து வர முடியாது. 2022-ல் கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா மாவட்டக் கண்காட்சியில் ஒன்பது வயதுச் சிறுமி வளர்த்த சீடர் என்ற ஆடு 902 டாலருக்கு ஏலம் போனது. குடும்பம் மனம் மாறி, இழப்பை ஈடுகட்டுகிறோம் என்று சொல்லி ஆட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோனது. ஷெரிஃப் அலுவலகத்தார் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப்போய் அதைப் பறிமுதல் செய்தனர், ஆடு வெட்டப்பட்டது. வழக்கு நடந்து, 2024-ல் கவுண்டி 3 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த 902 டாலரில் கண்காட்சிக்குச் சேர வேண்டிய பங்கு 63 டாலர்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது இதில் மனம் ஒப்பாது என்றால், சைவக் குடும்பமாக இருந்தால் இந்தக் கேள்வி நிச்சயம் எழும், விற்காமல் வைத்துக்கொள்ளும் பெட்டை ஆடு அல்லது முட்டைக்கோழிப் பிரிவில் சேருங்கள். ஆட்டுக்குட்டிக்குப் பெயர் சூட்டுவதற்கு முன்பே இதை வீட்டில் பேசி முடிப்பது நல்லது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விகளுக்கு வருகிறேன். 529 கணக்கிலிருந்து கல்விச் செலவு அல்லாத ஒன்றுக்குப் பணம் எடுத்தால், அதில் வளர்ச்சியாகச் சேர்ந்த பகுதிக்கு வருமான வரியும் அதன் மேல் 10 சதவீதக் கூடுதல் வரியும் உண்டு; ஓராண்டு கழித்துத் திரும்பப் போடுவதால் அந்த வரி நீங்காது. காளைக்கன்று கல்விக்கே என்று நீங்களும் நானும் சொல்லலாம், வரித்துறை ஒப்புக்கொள்ளாது. அரசுக் கடன் என்பது வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை 10 முதல் 20 வயது வரையுள்ளவர்களுக்கு, ஃபோர்-எச், எஃப்எஃப்ஏ (பள்ளி வேளாண் மாணவர் அமைப்பு) போன்றவற்றின் மேற்பார்வையில் நடக்கும் திட்டங்களுக்கு 5,000 டாலர் வரை தருவது. நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். நல்ல திட்டம்தான், ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது பிள்ளை, பொறுப்பும் பிள்ளையுடையது, திட்டத்தின் வருமானத்திலிருந்து திரும்பச் செலுத்த முடியும் என்று காட்டவும் வேண்டும். மேலே போட்ட கணக்கில் அந்த வருமானம் எங்கே இருக்கிறது? ஆண்டுதோறும் குட்டி ஈனும் நான்கைந்து பெட்டை ஆடுகளை அவள் பதினைந்து வயதில் வளர்க்கத் தொடங்கினால், அப்போது இந்தக் கடனைப் பற்றி மீண்டும் எழுதுங்கள்.

லாபம் வந்தால் வரியும் வரும். அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டுக் கல்விக்காக நடத்தப்படும் திட்டத்தின் நிகர வருமானத்தை ‘இதர வருமானம்’ என்று காட்டலாம். பொதுவாக அதற்குச் சுயதொழில் வரி கிடையாது. இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: உழைப்பு வருமானமாகக் கணக்கில் வராத பணத்தைக் காட்டி மகள் பெயரில் ரோத் ஐஆர்ஏ என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கைத் தொடங்க முடியாது. ஆகவே காசோலை வந்தால் அதை நீங்கள் உரிமையாளராக இருக்கும் 529 கணக்கிலேயே சேருங்கள். கல்லூரி நிதியுதவிக் கணக்கில் மாணவர் பெயரில் உள்ள சேமிப்பை 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்வார்கள். பெற்றோர் சொத்தாகக் கருதப்படும் 529-ல் அது அதிகபட்சம் 5.64 சதவீதம்தான்.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) பிள்ளைகள் உள்ள மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன கடன் அவர்களுக்குக் கிடைக்காது. வேலை அனுமதி இல்லாதவர் விலங்கை வளர்த்து விற்றுப் பணம் பெறுவது சுயதொழிலாகக் கருதப்படுமா என்பதைக் குட்டி வாங்குவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனை இல்லாத ஷோமேன்ஷிப், கோழி, முயல் பிரிவுகளைப் பற்றி உங்கள் கவுண்டியின் அக்ரிலைஃப் (டெக்சாஸின் வேளாண் விரிவாக்கச் சேவை) அலுவலர் கட்டணமின்றி விளக்குவார். ஆட்டுக்குரிய அடையாளப் பதிவு இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால், கேள்வி எழுதிய வாசகரும் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அவரைப் பார்த்துவிடுவது நல்லது.