செருப்பு, ஷூ, முதுகுப்பை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகன் ஏழாம் வகுப்பு. எடை 34 கிலோ, ஸ்கூல் பேக் 5 கிலோ. பஸ் ஸ்டாப் வரை கூன் போட்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு நடக்கிறான். "நிமிர்ந்து நட" என்று அதட்டினால் இரண்டே நிமிடம்தான், பிறகு பழைய கதை. என்ன செய்வது?
*(வாசகி, ஈரோடு)*

பதில்: அதட்டலால் இது சரியாகாது. நிமிர்ந்தால் பை பின்னால் இழுக்கும். அதற்குத்தான் உடம்பு முன்னால் சாய்கிறது. உடம்பும் பையும் சேர்ந்த எடையின் மையம் பாதங்களுக்கு மேலே இருந்தாக வேண்டும். முதுகில் 5 கிலோ ஏறியதும் அது பின்னுக்குப் போகிறது. இடுப்புக்கு மேற்பட்ட பகுதியை முன்னால் சாய்த்து உடம்பு ஈடுகட்டுகிறது. சாய்ந்தபடியே இருந்தால் கண் தரையைத்தான் பார்க்கும். எதிரே வண்டி வருவது தெரிய வேண்டுமே, அதற்குக் கழுத்து நீள்கிறது, மோவாய் தூக்குகிறது. நீங்கள் கூன் என்று பார்ப்பது இதைத்தான். எட்டும் குட்டையாகியிருக்கும், இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் இருக்கும் நேரம் கூடியிருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும்.

முதலில் எடை. எடை மிஷினில் பையனைத் தனியாக ஒரு முறை, பையோடு ஒரு முறை நிறுத்துங்கள். 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பைக் கொள்கைப்படி பை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 6, 7ஆம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ. உங்கள் பையனுக்கு 10 சதவீதக் கணக்கில் பார்த்தாலும் 3.4 கிலோவே உச்சம். பையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் மட்டும் ஒரு கிலோ. பள்ளியில் நல்ல தண்ணீர் கிடைத்தால் பாட்டிலைக் கால்வாசி நிரப்பி அனுப்பினால் போதும். காலிப் பையையும் நிறுங்கள். பார்க்க ஜோராக இருக்கும் பைகளில் சில வெறுமனேயே ஒரு கிலோவை நெருங்கும்.

அடுத்தது, பை தொங்கும் இடம். எடையைக் குறைக்கப் பள்ளி சம்மதிக்க வேண்டும். இதை வீட்டிலேயே இன்றைக்கே சரிசெய்யலாம். 5 கிலோவின் மையம் முதுகெலும்பிலிருந்து 12 செ.மீ. தள்ளியிருந்தால் பின்னிழுப்பு 5 × 12 = 60. வார் தளர்ந்து 20 செ.மீ. தள்ளிப்போனால் 100. அதே புத்தகங்கள்தான், இழுப்பு மட்டும் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. அதனால் தடித்த புத்தகங்கள், லாங் சைஸ் நோட்டுகள் முதுகை ஒட்டி நிற்கட்டும். டிபன் பாக்ஸ், பென்சில் பாக்ஸ் வெளி அறைக்குப் போகட்டும். இரண்டு வார்களையும் இழுத்துக் கட்டுங்கள். பையின் அடி இடுப்புக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. பின்பக்கத்தில் மோதி மோதி ஆடும் பை ஒவ்வொரு எட்டிலும் தோளைப் பிடித்து இழுக்கும்.

ஒரே தோளில் மாட்டுவதை மட்டும் விட்டுவைக்காதீர்கள். வார் நழுவாமலிருக்க அந்தத் தோள் தூக்கிக்கொள்ளும், முதுகெலும்பு மறுபக்கம் வளையும். கையில் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் வார் குறுகலாக இருந்து தோள் நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகப்படலாம். வாரை மாற்றியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் ரப்பர் செருப்போடு 4 கி.மீ. நடக்கிறேன். சில மாதங்களாகப் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது. முன்னங்காலும் இறுகுகிறது. செருப்புதான் காரணமா?
*(வாசகர், நாகர்கோவில்)*

பதில்: பெரும்பாலும் அதற்குப் பங்கு உண்டு. நடக்கும்போது வீசும் காலின் நுனி தரையிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. உயரத்தில்தான் கடக்கிறது. அப்போது முன்னங்கால் தசை பாதத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் பின்வார் இல்லாத செருப்பு கழன்று போகாமலிருக்க விரல்கள் கீழ்நோக்கி மடங்கிக் கவ்வுகின்றன. தூக்கும் தசையும் கவ்வும் தசையும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன, எட்டும் குறைகிறது. வீட்டிலிருந்து கடைக்குப் போய்வர இது பொருட்டே இல்லை. தினம் 4 கி.மீ. என்றால் ஆயிரக்கணக்கான எட்டுகள்.

காலையில் முதல் அடியில் குத்தி, பத்துப் பதினைந்து அடி நடந்ததும் தணிவது, குதிகாலிலிருந்து விரல் வரை போகும் அடிப்பாதத் தசைநார் புண்பட்டதன் வழக்கமான அடையாளம். பாதம் தரையை உந்தும் நேரத்தில் பெருவிரல் மேல்நோக்கி மடங்கும். அப்போது இந்த நார் கம்பிபோல் இறுகிப் பாதவளைவைத் தூக்கும். தேய்ந்து துணிபோல் வளையும் செருப்பில் அதற்கு உதவியே இல்லை.

ஷூ வாங்கக் கடைக்கு மாலையில் போங்கள். கால் அப்போதுதான் சற்று வீங்கி, உள்ளபடியான அளவுக்கு வந்திருக்கும். நின்றுகொண்டு பாருங்கள்: மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவின் நுனியையும் குதியையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது, நடுவில் மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் எதிர்க்க வேண்டும். குதிகால் சுற்றுச்சுவர் கட்டைவிரலால் அழுத்தினால் நசுங்கக் கூடாது. மெத்தை எவ்வளவு கனம் என்று மட்டும் கேட்டு வாங்குவது, தலையணையைப் பார்த்துக் கட்டில் வாங்குவது போலத்தான்.

கூடவே ஆடுசதையை நீட்டுங்கள்: சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதி தரையில் பட, முட்டி மடங்காமல் 30 வினாடி, மூன்று முறை, காலையும் மாலையும். பழைய செருப்பையும் புரட்டிப் பாருங்கள். குதியின் வெளியோரம் கொஞ்சம் தேய்வது இயல்பு, கால் அங்கேதான் முதலில் தரையைத் தொடுகிறது. உள்ளோரம் அதிகம் தேய்ந்திருந்தாலோ இரண்டும் இரண்டு விதமாகத் தேய்ந்திருந்தாலோ, அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டே பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள்.

கேள்வி: 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பழனிக்குப் பாதயாத்திரையை வெறுங்காலில் போகலாமா?
*(வாசகர், காரைக்குடி)*

பதில்: கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் உடைந்ததும் தெரியாது, தார் ரோட்டின் சூடும் தெரியாது. புறப்படும் முன் 10 கிராம் நைலான் இழைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொட்டது தெரிகிறதா என்று பார்க்கும் சில நிமிடச் சோதனைதான். எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு, பின்வாரோடு, போட்டுக்கொண்டு போங்கள். எம்.சி.ஆர். மெத்தென்றிருக்கும், முள் ஏறாமலிருக்க அடியில் கெட்டியான அட்டை இருக்க வேண்டும், உள்ளே ஆணி அடித்திருக்கக் கூடாது. யாத்திரைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழகுங்கள். தங்கும் இடங்களில் எல்லாம் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு நாள் மலையேற்றத்துக்கு 9 கிலோ பையோடு போனேன். ஏறும்போது தோள் பிய்ந்தது, இறங்கும்போது முட்டி வெடவெடத்தது. கனமான பூட்ஸ் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமா?
*(வாசகி, கோவை)*

பதில்: இன்னும் களைத்திருப்பீர்கள். காலில் இருக்கும் எடையை ஒவ்வொரு எட்டுக்கும் தூக்கி வீசி நிறுத்த வேண்டியிருக்கிறது. அளந்து பார்த்ததில் காலில் ஒரு கிலோ, முதுகில் ஏறக்குறைய ஐந்து கிலோவுக்குச் சமம். ஒவ்வொரு ஷூவும் 200 கிராம் கூடினாலே முதுகில் 2 கிலோ ஏற்றிய கணக்கு.

தோள்வலிக்குக் காரணம் இடுப்புப்பட்டையாகத்தான் இருக்கும். பலர் அதை வயிற்றில் கட்டுகிறார்கள். கையை இடுப்பில் ஊன்றினால் தட்டுப்படும் எலும்பு விளிம்பு இருக்கிறதே, பட்டையின் நடு அதன்மேல் உட்கார வேண்டும். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். முதலில் இடுப்புப்பட்டை. பிறகு தோள் வார்கள், தோளோடு ஒட்டும் அளவுக்கு. அதன்பின் தோளுக்கு மேலிருந்து பைக்குப் போகும் சின்ன வார்களை இழுத்தால் பை முதுகோடு சேரும். நெஞ்சு வார் கடைசி. தோளை முதலில் இறுக்கிவிட்டால் எடை இடுப்புக்கு இறங்கவே இறங்காது. உள்ளே போர்வை அடியில். அரிசி, தண்ணீர், அடுப்பு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகை ஒட்டி. சட்டை துணி வெளிப்பக்கம்.

இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, வெடவெடப்பு அதன் களைப்பு. எட்டைக் குறுக்கி, முட்டியைச் சற்று மடக்கியே வையுங்கள். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் கையில் பிடிக்கும் மூங்கில் கம்பு இறங்கும்போதுதான் காசுக்கு மதிப்பு. எடையில் ஒரு பங்கு கைக்குப் போய்விடும். விரல் நுனி ஷூவில் இடித்தால், இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்க லேஸை மட்டும் அவிழ்த்து, குதி பின்னால் போய் ஒட்டும்படி தட்டி, இறுக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்துப் பெண்கள் தலையில் குடத்தோடு நேராக நடந்தார்களே, அது எப்படி?
*(வாசகர், விருதுநகர்)*

பதில்: எடை முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கிறது, சாய்ந்து ஈடுகட்டத் தேவையே இல்லை. கென்யாவின் லூவோ, கிகூயூ பெண்கள் தங்கள் உடல் எடையில் 20 சதவீதம் வரை சுமந்தாலும் வெறுமனே நடப்பதைவிடக் கூடுதல் சக்தி செலவாவதில்லை என்று 1986இல் அளந்து வெளியிட்டார்கள். லூவோ பெண்கள் தலையில் சுமப்பவர்கள், கிகூயூ பெண்கள் நெற்றிப்பட்டையில். ஆனால் அது சிறு வயதுமுதல் வந்த பழக்கம். புதிதாகச் சும்மாடு கட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது, கழுத்துதான் பிடித்துக்கொள்ளும்.