ராமேஸ்வரம், தனுஷ்கோடி கூட்ட நெரிசல்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

கேள்வி: அண்ணே, தை அமாவாசைக்கு வந்தோம், பாம்பன் பாலத்துல வண்டி நகரவே இல்ல. இன்னொரு ரோட்டுப் பாலம் கட்டுனா சரியாயிடுமா?

பதில்: ஆகாது தம்பி, ரோடு வந்தா வண்டியும் கூடத்தான் செய்யும். 1964 புயலுக்கப்புறம் தனுஷ்கோடிக்கு மணல்ல வேன்ல குலுங்கித்தான் போகணும், 2017ல தீவோட கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்துச்சு, இப்ப லீவு நாள்ல போனா ரெண்டு ஓரமும் காராத்தான் நிக்குது. தீவுக்குள்ள வர ஒரே ரோட்டுப் பாலம்ங்கிறதே நமக்கு வசதி, பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊர்லயே கார நிறுத்திட்டு பஸ்ல கூட்டிட்டு வரலாம்ல.

கேள்வி: அப்போ ஊட்டி மாதிரி முன்கூட்டியே பதிஞ்சு வாங்குற இ-பாஸ் வச்சா?

பதில்: அங்க 2025 கோடை சீசன்ல வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000னு கோர்ட் உச்சவரம்பு வச்சுச்சு. ஆனா இங்க திதி குடுக்க வர்ற வயசானவங்கள திருப்பி அனுப்பக் கூடாது. கோயிலுக்கு வர்றவங்கள விட்ரணும், தனுஷ்கோடிக்குப் போற சொந்த வண்டிக்கு மட்டும் ஒரு நாளைக்கு இத்தனைதான்னு கணக்கு வைக்கணும், என் கருத்து இதுதான்.

கேள்வி: சாயங்காலம் ஆனா தனுஷ்கோடிய விட்டு ஏன் சார் விரட்டுறாங்க? நிலா வெளிச்சத்துல கடல் பாக்கணும்னு ஆசை.

பதில்: ஆசை புரியுதும்மா. பங்குனி ஆமைங்கிற கடலாமை ராத்திரிதான் கரையேறி முட்டை போடும், ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் விடியக்காலம் பாத்தீங்கன்னா மணல்ல டிராக்டர் டயர் போன மாதிரி தடம் கெடக்கும், அது மேலயே கார் ஏறுனா கீழ இருக்கற முட்டை என்னாகும்? பொரிஞ்சு வர்ற குஞ்சும் வெளிச்சத்தப் பாத்துத்தான் நகரும், ஹெட்லைட் அடிச்சா கடலுக்குப் போகாம ரோட்டுக்கு வந்துரும்.

கேள்வி: ட்ரோன் விடலாமா?

பதில்: வேண்டாம்ப்பா. பூநாரை இறங்குற இடம், 2025ல சரணாலயமாவே அறிவிச்சுட்டாங்க.

கேள்வி: நான் சங்குமாலை கடை வச்சிருக்கேன். ஆள் வரலேன்னா எங்க பொழப்பு?

பதில்: வரவே வேணாம்னு நான் சொல்லலக்கா. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துலயே காரங்காடுங்கிற கடலோர ஊர்ல வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள படகு விடுறாங்க, காசு ஊருக்குள்ள நிக்குது. தனுஷ்கோடில அப்படியா இருக்கு? அங்க பொம்பளைங்க மணலக் கையால தோண்டி ஊத்துத் தண்ணி எடுக்குறாங்க, வர்றவங்க பாட்டிலையும் சாப்பாட்டு எலையையும் அதுக்குப் பக்கத்துலயே போட்டுட்டுப் போறாங்க. வண்டிக்கு கட்டணம் வாங்குங்க, அதுல ஒரு பங்கு அந்தக் குடிசைங்களுக்கு குடிதண்ணிக்குப் போகணும், குப்பை அள்ள அந்த ஊர் ஆளுங்களுக்கே சம்பளம் குடுக்கணும்.