டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டியில் கிறிஸ்துமஸுக்குப் பனி விழுமா?

வாய்ப்பு மிகக் குறைவு. டிசம்பர் 24-ஆம் தேதிக்கு உங்கள் வானிலைச் செயலி காட்டும் "மழை, 3 டிகிரி" பெரும்பாலும் வெறும் மழைதான். கிருஷ்ணகிரியிலிருந்து கூட்டிப்போகும் பேரனுக்கு இப்போதே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சிக்கல் தரையில் இல்லை, மேலே இருக்கிறது. டெக்சாஸ் கடலோரத்துக்கு வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று வறண்டது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் அதன்மேல் ஏறும்போது வெப்பமும் சேர்ந்தே வரும். பனி பாதி வழியிலேயே உருகிவிடும். குளிரும் ஈரமும் அளவாகச் சேர்வது அபூர்வம். 2004 கிறிஸ்துமஸில் சேர்ந்தது, அங்கே 4 அங்குலத்துக்கு மேல் விழுந்தது.

விண்டி செயலியில் உயரத்தை 850 எச்பிஏ (காற்றழுத்த அளவு; சுமார் 1,500 மீட்டர் உயரம்), பிறகு 925 என மாற்றி வெப்பநிலையைப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் 0-க்கு நன்றாக மேலே இருந்தால் ஆசையை விடுங்கள். இரண்டும் 0-க்குக் கீழே, தரையில் 3, பனிநிலை (dew point, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) -5 என்றால் நம்பலாம்: விழுவது ஆவியாகும்போது தரைக்காற்றும் குளிரும். மூன்று நாளுக்கு மேல் முன்கூட்டியே சொல்லும் கணிப்பெல்லாம் சும்மா.

மேலே வெப்பம், தரையில் 0-க்குக் கீழே என்றால் உறைமழை, அதாவது தரையில் பட்டதும் பனிக்கட்டியாக உறையும் மழை. அன்று உங்கள் மகளை வண்டி எடுக்க விடாதீர்கள், முக்கியமாகப் பாலங்களில். ஓசூர் மார்கழிக்குப் போடும் ஸ்வெட்டர் அந்த வாடைக்குப் போதாது.