சோலோ தள்ளிப் போகிறதா? லாக் புக்கைப் பாருங்கள்

கேள்வி: என் மகன் மகாராஷ்டிரத்தில் பைலட் பயிற்சியில் இருக்கிறான். 27 மணி நேரம் பறந்தும் தனியாகப் பறக்க (சோலோ) விடவில்லை. லேண்டிங்கில் விமானம் துள்ளுகிறதாம். கூடச் சேர்ந்தவர்கள் 18 மணி நேரத்திலேயே சோலோ போய்விட்டார்கள். வேறு கிளப்புக்கு மாற்றிச் சீக்கிரம் முடித்துத் தருவதாக, சேர்த்துவிட்ட ஏஜென்ட் பணம் கேட்கிறார். நம்பலாமா?
- ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். 27 மணி நேரம் கலங்குகிற கணக்கு இல்லை.

துள்ளல் தரையில் ஆரம்பிப்பதில்லை, இறங்க வரும் நேர்ப்பாதையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. செஸ்னா 172 பயிற்சி விமானம் என்றால் அங்கே 65 நாட் (knot, விமான வேக அளவு) வேகத்தை ஒட்டி வந்தால் போதும். பயத்தில் 75 வைத்துக்கொண்டு வந்தால், ஓடுபாதைக்குச் சில அடி மேலே விமானம் இறங்காமல் மிதக்கும். பையன் பொறுமையிழந்து மூக்கை அழுத்துவான். முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளும். பார்வையும் முக்கியம். சக்கரத்துக்குக் கீழே இருக்கும் தரையைப் பார்த்தால் உயரம் பிடிபடாது, ஓடுபாதையின் மறுமுனையைப் பார்க்க வேண்டும். துள்ளிவிட்டால் அதைச் சரிசெய்யப் போராடாமல், முழு த்ராட்டில் (இன்ஜின் விசை) கொடுத்துத் திரும்ப மேலேறிவிட வேண்டும். சோலோவுக்கு முன்னால் நல்ல இன்ஸ்ட்ரக்டர் எதிர்பார்ப்பது அழகான லேண்டிங்கைவிட இந்த முடிவைத்தான்.

ஆனால் அந்த 27ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக்கில் தேதிகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் மூன்று வாரம் பறக்காமல் இருந்திருந்தால், அதற்கடுத்த சில மணி நேரம் மறந்ததை மீட்கவே போயிருக்கும். இன்ஸ்ட்ரக்டர் மாறியிருந்தாலும் அப்படித்தான். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மாற்றிச் சொல்வார். விமானம் பழுதாகி நின்ற நாட்களையும் பாருங்கள். இடைவெளி விழுந்த மாணவனைத் தொடர்ந்து பறந்தவனோடு ஒப்பிடவே கூடாது. மணி நேரத்தைவிட லேண்டிங்கை எண்ணுங்கள். ஓடுபாதை காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆறேழு கிடைக்கும். வரிசையில் ஐந்து விமானம் நின்றால் நான்குகூடத் தேறாது. ஒரே ஓடுபாதையில் கொள்ளாத கூட்டத்தைப் பள்ளிகள் சேர்த்துவிட்டு, கடைசியில் பையனுக்குத் திறமை போதாது என்கிறார்கள். இதைக் கேட்க ஆளில்லை.

இனி ஏஜென்ட். புதுப் பள்ளியில் போய் இறங்கியதும் சோலோ தர மாட்டார்கள். இன்ஸ்ட்ரக்டரோடு மறுபடி பறக்கச் சொல்வார்கள், அதற்கும் பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும். கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி நேரம் பையனே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். 'சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்பவர் இதை எங்கே குறைப்பார்? பேனாவில்தான். பறக்காத நேரத்தை லாக் புக்கில் எழுதித் தருவார்கள். 2011இல் கோவாவில் ஒரு பயணிகள் விமானத்தை மூக்குச் சக்கரம் முதலில் படும்படி இறக்கிய விமானியை விசாரித்தபோதுதான், போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கியவர்கள் வரிசையாகச் சிக்கினார்கள். போலி லாக் புக்கிலும் கையெழுத்துப் போட்டு மாட்டுவது பையன்தான். அன்றைக்கு ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

நீங்கள் நேரே தலைமை இன்ஸ்ட்ரக்டரிடம் பேசுங்கள். ஒரே இன்ஸ்ட்ரக்டர், ஒரு வாரம் தினமும், காற்று அடங்கிய காலை நேரத்தில் சர்க்யூட் (மேலேறி, ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவது) மட்டும் என்று கேளுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேற்கொண்டு முன்பணம் எதுவும் அதுவரை கட்ட வேண்டாம்.