எலி வளர்ப்புப் புத்தகத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

எலி வளர்ப்புக்கு வாங்கிய இரண்டு புத்தகங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முதலில் புரட்டுவது கூண்டில் விரிக்கும் மரச்சீவல் பற்றிய பக்கத்தைத்தான். செடார் சீவலோ, சூளையில் உலர்த்தாத பைன் சீவலோ போடச் சொன்னால் அந்தப் புத்தகம் காலாவதி. அந்த மரங்களின் நெடியில் இருக்கும் பொருள்கள் எலியின் மூச்சுக்குழாயை உறுத்தும், கல்லீரலையும் பாதிக்கும். எலிக்கு நுரையீரல்தான் பலவீனமான இடம். வளர்ப்பு எலிகள் பலவற்றின் உடலில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கும். தூசியும் சிறுநீரின் அம்மோனியா நெடியும் சேர்ந்தால் அது நோயாகக் கிளம்பிவிடும். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், எழுதியவர் எலியோடு பழகியவர்தானா என்றே எனக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம், கண்ணோரமும் மூக்கிலும் வரும் சிவப்புக் கறை. பார்த்தால் ரத்தம் மாதிரியே இருக்கும். உண்மையில் அது போர்பிரின் என்ற நிறமி. லேசாக வந்தால் பயமில்லை. தொடர்ந்து வந்தால் நோயோ மன அழுத்தமோ இருக்கலாம். நல்ல புத்தகம் இந்த வித்தியாசத்தைச் சொல்லும்.

'ஒற்றை எலி போதும்' என்றால் மூடி வைத்துவிடலாம். தனிமை விரும்பும் ஹாம்ஸ்டர் என்ற சிறு வளர்ப்புப் பிராணிக்கு எழுதியதை, கூட்டமாக வாழும் எலிக்கும் ஒட்டியிருப்பார்கள்.

பதிப்பாண்டையும் பாருங்கள், ஆனால் ஏமாந்துவிடாதீர்கள்: மறுபதிப்பு வேறு, திருத்திய பதிப்பு வேறு. மருந்து அளவு மட்டும் எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் சரி, கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.