வாசகர் கேள்விகள்: வட ஐரோப்பாவின் அரசுக் கடைகளில் பீர் வாங்குவது எப்படி?

கேள்வி: ஸ்டாக்ஹோம் சென்ற என் சகோதரர், ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடியில் வாங்கிய பீர் தண்ணீர் போல இருந்ததாக வருத்தப்பட்டார். நானும் விரைவில் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கும் செல்லவிருக்கிறேன். அங்கே நல்ல பீர் எங்கே கிடைக்கும்?

பதில்: உங்கள் சகோதரர் வாங்கியதில் குறை எதுவும் இல்லை, ஸ்வீடனின் மளிகைக் கடைகளில் 3.5 சதவீதம் வரை மட்டுமே ஆல்கஹால் கொண்ட பீரைத்தான் விற்கலாம். அதற்கு மேற்பட்டது வேண்டுமென்றால், பொதுவாக அரசுக்குச் சொந்தமான சிஸ்டெம்பொலாகெட் கடைக்குத்தான் செல்ல வேண்டும். இதில் பயணிகள் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. பிரிப்ஸ் ப்ளோ போன்ற பழகிய பெயர்கள் மளிகைக் கடையிலும் இருக்கும், அரசுக் கடையிலும் இருக்கும். டின்னின் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு அதன் மேல் அச்சிட்டிருக்கும் சிறிய சதவீத எண்ணில் மட்டும்தான் தெரியும். எனவே பெயரைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

நார்வேயில் இந்த எல்லை 4.7 சதவீதம், அதற்கு மேல் வேண்டுமென்றால் அங்குள்ள அரசுக் கடையான வின்மோனோபோலெட். பின்லாந்தில் 2018இல் 5.5 சதவீதமாகவும், 2024இல் பீர் போன்ற நொதித்த பானங்களுக்கு 8 சதவீதமாகவும் எல்லையை உயர்த்திவிட்டார்கள். ஆகவே அங்கே வழக்கமான பீருக்காக அரசு நிறுவனமான அல்கோவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது நேரம். சிஸ்டெம்பொலாகெட் கடைகள் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் மூடிவிடும்; ஞாயிற்றுக்கிழமை திறக்கவே திறக்காது. நார்வேயில் மளிகைக் கடையிலும் வார நாள்களில் இரவு 8 மணியோடும், சனிக்கிழமையில் மாலை 6 மணியோடும் பீர் விற்பனை முடிந்துவிடும். ஓஸ்லோவில் ஒருமுறை இரவு எட்டரை மணிக்கு ஒரு கடைக்குள் நுழைந்தேன். ரொட்டியும் பாலும் வாங்க மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்க, பீர் அடுக்கியிருந்த குளிர்பெட்டியின் மேல் மட்டும் திரை இறக்கப்பட்டிருந்தது. வேண்டிக் கேட்டுப் பயனில்லை, கேட்பதும் முறையன்று. அந்த ஊழியர் சட்டத்தைத்தான் காக்கிறார். வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்வதுதான் உள்ளூர் மக்களின் வழக்கம்.

கேள்வி: அரசுக் கடை என்றால் தரமும் தேர்வும் குறைவாகத்தானே இருக்கும்?

பதில்: இந்த எண்ணத்தை நான் முழு மனத்துடன் மறுக்கிறேன். இந்த அமைப்பு எதற்காக உருவானது என்பதைப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். மது விற்பனையிலிருந்து தனியார் லாபத்தை விலக்கிவிட்டால் ‘இன்னும் வாங்கு’ என்று எவரும் தூண்ட மாட்டார்கள் என்ற சிந்தனை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஸ்வீடனில் வேர்விட்டது. 1922இல் முழு மதுவிலக்குக்கான பொது வாக்கெடுப்பு மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றது. அதன் பின்னும் ஒவ்வொருவரும் வாங்கும் அளவைப் பதிவுசெய்யும் பங்கீட்டுப் புத்தக முறை 1955 வரை நீடித்தது. மணமான பெண்களுக்கு அந்தப் புத்தகம் பொதுவாகத் தரப்படவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. அந்த முறை ஒழிந்த 1955இல்தான் நாடு முழுவதற்குமான சிஸ்டெம்பொலாகெட் உருவானது.

இன்று அந்தக் கடைக்குள் சென்றால் ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பலகையைக் காண முடியாது. ஒரே ஒரு டின் வாங்கினாலும், இருபத்து நான்கு வாங்கினாலும் ஒரு டின்னின் விலை ஒன்றுதான். ஐந்து வகைகளில் ஒவ்வொன்றை எடுத்துச் சுவைத்துப் பார்க்க விரும்பும் பயணிக்கு இதைவிட வசதி வேறில்லை. உள்ளூர்ச் சிறு பீர் ஆலைகளின் பீர் எது என்று ஊழியரிடம் தயங்காமல் கேளுங்கள். விலை உயர்ந்ததை உங்கள் தலையில் கட்ட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: பீர் பெரும்பாலும் குளிரூட்டப்படாமல்தான் இருக்கும், அறைக்குச் சென்று நீங்கள்தான் குளிர்விக்க வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு வயது 19. ஸ்வீடனில் அவன் பீர் வாங்கலாமா?

பதில்: உணவகத்தில் 18 வயதிலேயே அருந்தலாம், சிஸ்டெம்பொலாகெட்டில் வாங்க 20 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகன் உணவகத்தில் உங்களுடன் ஒரு கோப்பை அருந்தலாம், சிஸ்டெம்பொலாகெட் கடையில் வாங்க இயலாது. நீங்கள் வாங்குவது அவருக்காகவே என்று ஊழியர் கருதினால் உங்களுக்கும் மறுத்துவிடலாம். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாளச் சான்று கேட்பார்கள் என்பதால், இளைஞர்கள் அசல் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்து வைத்த படம் போதாது. நார்வேயில் பீருக்கும் ஒயினுக்கும் 18 வயது, கடும் மதுவுக்கு 20. ஐஸ்லாந்தில் எல்லாவற்றுக்கும் 20தான். பீரே அங்கே 1989 மார்ச் 1 அன்றுதான் மீண்டும் சட்டப்படி விற்பனைக்கு வந்தது.

கேள்வி: வாங்கியதைப் பூங்காவில் அமர்ந்து அருந்தலாமா? காலி டின்னை என்ன செய்வது?

பதில்: நார்வேயில் பொது இடத்தில் மது அருந்துவது சட்டப்படி குற்றம். ஸ்வீடனில் அந்தந்த நகராட்சி விதிக்கும் கட்டுப்பாடே செல்லும். பூங்கா வாயிலில் உள்ள பலகையைப் படித்துவிட்டு அமருங்கள். டின்னின் விலையோடு ஒரு வைப்புத்தொகையும் சேர்த்து வாங்கப்படும். பின்லாந்தில் அது 15 சென்ட். பல்பொருள் அங்காடியின் வாயிலருகே உள்ள இயந்திரத்தில் டின்னை நசுக்காமல் போட்டால் ஒரு சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.